திக்கனர் பொடியும் பலவீனமான தொண்டையும்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

தண்ணீர், காபி, மோர் போன்றவற்றில் கலந்து அவற்றைக் கெட்டியாக்கும் திக்கனர் பொடியை, விழுங்கச் சிரமப்படும் என் அப்பாவுக்காக எட்டு மாதங்களாக வாங்கி வருகிறேன். மாவுச்சத்தில் செய்யப்பட்ட வகையில் இரண்டு டப்பாக்களும், சாந்தன் பசையில் செய்யப்பட்ட வகையில் பல டப்பாக்களும் இதுவரை வாங்கியாயிற்று. இந்த மதிப்புரையில் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. டப்பாவின் முகப்பில் இருக்கும் பெயரைவிடப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலே வாங்குபவருக்கு உதவும் என்பது ஒரு காரணம். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை பொடியைச் சேர்ந்தவை அல்ல, அதை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று விசாரிக்காமலே கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தைச் சேர்ந்தவை என்பது இன்னொரு காரணம்.

அப்பாவுக்கு வயது 69. இன்க்ளூஷன் பாடி மையோசைடிஸ் என்னும் தசைநோய் இருப்பது, தொடையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் செய்த சோதனையில் உறுதியாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 50 வயதைக் கடந்தவர்களுக்கு வரும் அழற்சித் தசைநோய்களில் அதிகமாகக் காணப்படுவது இதுதான். பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாக வருகிறது. தொடையின் முன்பக்கத் தசையும் விரல்களை மடக்கும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு நோய்களுக்குக் கைகொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் இதற்குப் பலன் தருவதில்லை. படி இறங்கும்போது முழங்கால் மடங்கி விழுவதும், வேட்டியை இறுக்கிச் செருக முடியாமல் தவிப்பதும்தான் நாங்கள் அறிந்திருந்த நோய். தொண்டையும் இதற்குத் தப்பாது என்பதை அப்போது நாங்கள் உணர்ந்திருக்கவில்லை. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத வேறொரு வகைத் தசையால் ஆனது. ஆனால் நாக்கு, தொண்டை, உணவுக்குழாயின் மேற்பகுதி ஆகிய மூன்றும் தொடையில் இருப்பது போன்ற எலும்புத்தசை வகையையே சேர்ந்தவை. அதனால் இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் விழுங்குவது சிரமமாகிறது. சிலருக்கு அதுவே முதல் அறிகுறியாகவும் இருக்கிறது.

நம் வீடுகளில் சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால், யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம். அம்மா ஓராண்டுக்கும் மேலாக அப்படித் தட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் தன்னை நினைப்பவர்கள் பெருகிவிட்டதாக அப்பா கேலி செய்வார். ஒரு வேளைச் சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுக்கத் தொடங்கியதையும், ஒரு கவளத்துக்கு மூன்று முறை விழுங்கியதையும், சாப்பிட்டு முடித்த பின் குரல் நீரில் நனைந்தது போல் ஒலித்ததையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டோம். எடை ஆறு கிலோ குறைந்து, நிமோனியாவும் வந்து, மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்த பிறகுதான், விழுங்குவது மூச்சுக்குழாய் பக்கம் போகிறது என்ற விஷயம் வெளியே வந்தது. வீடு திரும்பும்போது கொடுத்த தாளில் ‘எல்லாத் திரவங்களையும் கெட்டியாகக் கொடுக்கவும்’ என்ற ஒரே வரி இருந்தது. எவ்வளவு கெட்டி என்றும், எதைக் கொண்டு என்றும் அதில் இல்லை. சர்ஜிக்கல் பொருள்கள் விற்கும் கடையில் அந்தத் தாளைக் காட்டியபோது ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்து, சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி கூடப் போடுங்கள், கெட்டியாக இருந்தால் பயமில்லை என்றார்கள். அந்த அறிவுரையின் விலையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வாங்கியது மாவுச்சத்து வகை. இது மக்காச்சோள மாவுச்சத்தைப் பதப்படுத்திச் செய்தது. சூடு பண்ணாமலே கரைந்து கெட்டியாகும். நாற்றம் இல்லை, ஆனால் தண்ணீரில் கலந்தால் கஞ்சி வடித்த நீர் போலக் கலங்கிவிடும், நாக்கில் மாவு ஒட்டும். இந்த வகையின் உண்மையான குறைகள் வேறு. கலந்து வைத்த தம்ளர் நேரம் ஆக ஆக மேலும் கெட்டியாகிக்கொண்டே போகும். காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்த தண்ணீர் ஒன்பது மணிக்குக் கூழாக நிற்கும். மறுபுறம், உமிழ்நீர் பட்டால் இது நீர்த்துப்போகும், ஏனெனில் உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்னும் நொதிக்கு மாவுச்சத்தை உடைப்பதுதான் வேலை. மெதுவாகக் குடிப்பவர் உதட்டை வைத்து வைத்து எடுக்கும் தம்ளரில் கடைசி நாலு மடக்கு பழையபடி தண்ணீராகிவிடுகிறது. களைத்துப்போன தொண்டைக்கு ஆபத்து மிகுந்த நேரமும் அந்தக் கடைசி நாலு மடக்குதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மேக்ரோகால் பொடியை மாவுச்சத்துத் திக்கனரோடு கலந்தால் கலவை நீர்த்துவிடும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021-இல் எச்சரித்தது. நடமாட்டம் குறைந்த தசைநோயாளிகளில் மலச்சிக்கல் மருந்து சாப்பிடுபவர்கள் பலர் என்பதால் இதை இங்கே எழுதுகிறேன். இரண்டாவது டப்பா பாதியில் இருக்கும்போதே இந்த வகையை நிறுத்திவிட்டேன்.

சாந்தன் பசை வகை எல்லா விதத்திலும் மேல். முட்டைக்கோசில் கருப்பழுகல் நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் நொதிக்கவிட்டுப் பெறும் பசை இது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் உருவானது. கடையில் விற்கும் சாஸ் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பதால் நாம் எல்லோரும் அறியாமலே சாப்பிட்டிருக்கிறோம். தண்ணீரில் கலந்தால் தெளிவு அதிகம் கெடுவதில்லை, உமிழ்நீர் இதை உடைப்பதில்லை, சூடான பானத்திலும் ஆறிய பானத்திலும் ஏறக்குறைய ஒரே பதமாக நிற்கிறது. உலர்ந்த தம்ளரில் பொடியை முதலில் போட்டு, திரவத்தை ஒரே மூச்சில் ஊற்றி, முள்கரண்டியால் அரை நிமிடம் வேகமாகக் கலக்கினால் கட்டி தட்டாது. ஊற்றிய பிறகு மேலே தூவினால் மீன்முட்டை போல உருண்டைகள் மிதக்கும்; அவை கரைவதே இல்லை, வடிகட்டத்தான் வேண்டும். பால் சேர்ந்த பானங்களில் மட்டும் பொறுமை வேண்டும். காபி கலந்ததும் ஒன்றும் ஆகாதது போல இருக்கும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான் பதத்துக்கு வரும். அதற்குள் அவசரப்பட்டு இன்னொரு கரண்டி போட்டவர்கள் பிறகு காபியைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டியிருக்கும். நாங்கள் அதையும் செய்திருக்கிறோம்.

சுவையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், பொடிக்கென்று சுவை இல்லை. ஆனால் பானத்தின் சுவையை அது மங்கவைக்கிறது. டிகாக்‌ஷனைக் கொஞ்சம் தூக்கலாக விட்டால் காபி தேறுகிறது. இளநீர் பரவாயில்லை. கெட்டியாக்கிய ரசத்தை அப்பா ஒரு முறை வாயில் வைத்துவிட்டு, இதைச் செய்தவர்களை ரசம் மன்னிக்காது என்றார். வெறும் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மோசம்: தாகம் தீர்ந்த நிறைவு வருவதில்லை. வழவழவென்று போய்விடுகிறது, ஆனால் வாய் வறண்டபடியே இருக்கிறது என்று அப்பா சொல்வார். இது சின்னக் குறை அல்ல. திரவத்தைக் கெட்டியாக்கினால் நோயாளி குடிக்கும் அளவு குறைந்து உடலில் நீர் வற்றும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விளைவு. எங்கள் வீட்டில் ஒன்றரை லிட்டர் என்றிருந்தது முதல் மாதத்தில் முக்கால் லிட்டருக்கு இறங்கியது. குறித்து வைத்திருக்காவிட்டால் எங்களுக்கே தெரிந்திருக்காது.

டப்பாவில் கொடுத்திருக்கும் கரண்டிக் கணக்கை நம்பி நான் கெட்டது போதும் என்பதால், பதத்தை அளக்கும் முறையை விரிவாகவே சொல்கிறேன். விழுங்கல் சிரமம் உள்ளவர்களுக்கான உணவுப் பதங்களை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரித்த உலகப் பொது அளவுமுறை ஒன்று இருக்கிறது. ஐடிடிஎஸ்ஐ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். புதிய டப்பாக்களில் அந்த எண்களைக் காணலாம். 0 என்பது சாதாரணத் தண்ணீர். 1 முதல் 4 வரை கெட்டியாகிக்கொண்டே போகும் திரவங்கள். இதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஊசி போடாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும். உள்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி கோடு வரை பானத்தை ஊற்றி, விரலை எடுத்துச் சரியாகப் பத்து விநாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். 1 முதல் 4 மில்லி வரை மிஞ்சினால் முதல் நிலை. 4 முதல் 8 வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை. 8-க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் மூன்றாம் நிலை. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நான்காம் நிலை. எல்லாச் சிரிஞ்சுகளும் ஒரே அகலம் அல்ல என்பதால், சுழியத்திலிருந்து 10 மில்லி வரையான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். இதைச் செய்து பார்த்தபோதுதான், ஒரே கரண்டிப் பொடி தண்ணீரில் ஒரு நிலையிலும் மோரில் இன்னொரு நிலையிலும் நிற்பதும், அம்மா குவித்து எடுக்கும் கரண்டியும் நான் வழித்து எடுக்கும் கரண்டியும் ஒரு முழு நிலை வேறுபடுவதும் தெரிந்தன. இந்தச் சோதனையைத் தமிழில் படம் போட்டு டப்பாவுக்குள் ஒரு தாளாக வைக்க எந்த நிறுவனத்துக்கும் தோன்றவில்லை என்பதற்காகவே நான் அரை மதிப்பெண் குறைப்பேன்.

இனி, முன்பு சொன்ன அறிவுரையின் விலை. கூடப் போடுங்கள் என்றதை நம்பி, முதல் இரண்டு மாதங்கள் அப்பாவுக்கு எல்லாவற்றையும் மூன்றாம் நிலைக்கும் அதற்கு மேலும் கொடுத்தோம். காபி குடிக்கும்போது வரும் இருமல் குறைந்தது. நாங்கள் நிம்மதி அடைந்தோம். ஆனால் சாப்பாடு முடிந்து கால் மணி நேரம் கழித்து, ஒன்றும் வாயில் இல்லாதபோது, இருமத் தொடங்கினார். தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். படுத்தால் அதிகமாகும். இன்னும் கெட்டியாக்கினோம், இன்னும் அதிகமாயிற்று. அதன் பிறகுதான் வேறொரு ஊரில், விழுங்கல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனோம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் கலந்த உணவைப் பல பதங்களில் விழுங்கச் செய்து, எக்ஸ்ரேயில் காணொளியாக எடுக்கும் சோதனை அங்கே நடந்தது.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பொடியைப் பற்றிய என் எண்ணமே மாறிப்போனது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் செயல் தாமதமாகத் தொடங்குகிறது. தொண்டை தயாராவதற்கு முன்பே தண்ணீர் பாய்ந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. அவர்களுக்குத் திரவத்தின் வேகத்தைக் குறைப்பது நேரம் வாங்கித் தருகிறது. அப்பாவுக்கு விழுங்குதல் நேரத்துக்குத்தான் தொடங்கியது. தள்ளுவதற்குத்தான் வலு இல்லை. நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய்த் தொண்டைச் சுவரை முழுதாகத் தொடவில்லை, உணவுக்குழாயின் வாசலில் வளையமாக இருக்கும் சுருக்குத்தசையும் பாதிதான் திறந்தது. கெட்டியான கலவை நாக்கின் அடிக்குழியிலும் வாசலின் இரு பக்கத்துப் பள்ளங்களிலும் சேறு போலத் தங்கியதைத் திரையில் பார்த்தோம். பிறகு மூச்சு இழுக்கும்போது அந்த மிச்சம் நழுவி மூச்சுக்குழாய் பக்கம் போவதையும் பார்த்தோம். அதே இடத்துக்கு ஒரு மடக்கு மெல்லிய திரவம் வந்தபோது மிச்சத்தில் பாதியை அது அலசிக் கீழே கொண்டுபோனது. கெட்டியான பொருளைத் தள்ள அதிக வலு வேண்டும்; தசைநோயில் இல்லாதது அந்த வலுதான். நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்துக் கூட்டிய ஒவ்வொரு கரண்டியும் சுமையைத்தான் கூட்டியிருக்கிறது.

அந்தத் தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த திட்டத்தில் பொடி முழுக்க நீக்கப்படவில்லை. காபி, மோர் போன்றவை முதல் நிலையில், அதாவது சிரிஞ்சில் 1 முதல் 4 மில்லி மிஞ்சும் பதத்தில். அதற்கு மேல் கூடாது. இரண்டு வாய்ச் சோற்றுக்கு ஒரு மடக்கு அந்தத் திரவம். ஒவ்வொரு கவளத்துக்கும் இரண்டு முறை விழுங்குதல். சாப்பிட்டபின் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்தல். வாயை நன்றாகத் துலக்கிய பிறகு, சாப்பாட்டுக்கு இடைப்பட்ட வேளைகளில் சாதாரணத் தண்ணீர் சின்னச் சின்ன மடக்காகக் குடிக்கலாம் என்றும் அப்பாவின் நிலையைப் பார்த்து அனுமதித்தார். சுத்தமான வாயிலிருந்து தவறிப் போகும் கொஞ்சம் தண்ணீரைவிட, துலக்காத வாயின் கிருமிகளைச் சுமந்து போகும் உமிழ்நீரே நுரையீரலுக்குக் கெடுதல் என்பது அவருடைய விளக்கம். இது அப்பாவின் படத்தைப் பார்த்து அப்பாவுக்குச் சொன்னது. படம் எடுக்காமல் யாரும் பின்பற்றத் தக்கதல்ல. ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு, பழைய சோற்று நீராகாரம் போலத் திடமும் திரவமும் ஒன்றாக இருப்பவை வாயில் பிரிந்து தனித்தனி வேகத்தில் ஓடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டோம். ஐஸ்கிரீமும் அப்படித்தான், கையில் கெட்டி, வாயில் தண்ணீர்.

பொடியோடு சேர்த்து வாங்கிய இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும்: ஒரு பக்க விளிம்பில் மூக்குக்கு இடம் விட்டு வெட்டப்பட்ட பிளாஸ்டிக் குவளை. எச்சில் படாமல் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பதுதான் அப்பாவின் அறுபது ஆண்டுப் பழக்கம். தலை பின்னால் சாய்ந்தால் திரவம் கட்டுப்பாடில்லாமல் தொண்டைக்குள் விழுகிறது. பலவீனமான தொண்டைக்கு அதைவிட மோசமான நிலை இல்லை. இந்தக் குவளையில் கடைசி மடக்கு வரை தலையை நிமிர்த்தாமலே குடிக்கலாம். திக்கனர் டப்பாவின் விலையில் கால் பங்குகூட இல்லாத இது செய்த நன்மை, என் கணக்கில், பொடி செய்ததைவிட அதிகம். மெலிந்த விரல்களுக்குப் பிடிமானம் போதாது என்பதால் நாங்கள் வெளிப்புறம் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு வளையம் மாட்டியிருக்கிறோம்.

வேறு தசைநோய்கள் உள்ளவர்கள் இந்த மதிப்புரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கண் இமை தொங்குவதும் விழுங்கல் சிரமமும் சேர்ந்து, பெரும்பாலும் 40 வயதுக்குப் பிறகு தலைகாட்டும் ஆக்குலோஃபாரிஞ்சியல் மஸ்குலர் டிஸ்ட்ரஃபியில் முதலில் சிக்குவது பெரும்பாலும் திட உணவுதான். திரவத்தைக் கெட்டியாக்கும் பொடிக்கு அங்கே வேலை குறைவு. நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா கிராவிஸில் சாப்பாட்டின் தொடக்கம் நன்றாக இருந்து முடிவு மோசமாகும்; அவர்களுக்கு, தசைக்குத் தற்காலிகமாக வலுவூட்டும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை உணவுக்கு எவ்வளவு முன்பு எடுப்பது என்று மருத்துவரோடு முடிவு செய்வது எந்தப் பொடியையும்விடப் பயன் தரும். வாசல் தசை திறக்காததே முக்கியக் கோளாறு என்று படத்தில் தெரிந்தால், பலூனால் விரிப்பது, தசையைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசி, தசையை வெட்டிவிடும் அறுவை போன்ற வழிகள் இருக்கின்றன. அப்பாவுக்குப் பலூன் சிகிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். உலர்ந்த பொடியை நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. தவறுதலாகப் பொடியையே வாயில் போட்டுக்கொண்டு மூச்சு அடைத்து இறந்த நிகழ்வை ஒட்டி இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவை 2015-இல் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. மாத்திரைகளைக் கெட்டித் திரவத்தில் பொடித்துக் கொடுப்பதையும் மருந்தாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது, சில மருந்துகள் இந்தப் பசைக்குள் சிக்கி மெதுவாகவே கரைகின்றன.

விலை அதிகம். மூன்றாம் நிலையில் எல்லாவற்றையும் கலந்த நாட்களில் ஒரு டப்பா ஒன்பது நாள் வந்தது. மாதச் செலவு எங்கள் பால் கணக்கைத் தாண்டியது. பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் வெறும் சாந்தன் பசை மிகவும் மலிவு என்று ஒரு முறை வாங்கிப் பார்த்தேன். திக்கனரில் அந்தப் பசையை, மாவுச்சத்திலிருந்து பெறும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பொடியோடு சேர்த்து எளிதில் கரையும் குருணையாக்கியிருக்கிறார்கள். வெறும் பசை தம்ளரில் போட்ட கணமே கட்டி தட்டியது, அளவும் கைக்கு அடங்கவில்லை. மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். சாதாரண மருந்துக் கடைகளில் திக்கனர் கிடைப்பது அரிது. இணையத்தில் வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும், திறந்த பிறகு எவ்வளவு நாள் வைக்கலாம் என்பதும் டப்பாவுக்கு டப்பா மாறுகிறது.

சாந்தன் பசை வகைக்கு ஐந்துக்கு மூன்றரை, மாவுச்சத்து வகைக்கு ஒன்றரை. விழுங்கல் சோதனை செய்துகொள்ளாத தசைநோயாளிக்கு இரண்டில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நிலைக்கு இறங்கிய பிறகு எங்களுக்கு ஒரு டப்பா ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு மொத்தமாக வாங்கியதில் திறக்காத டப்பா ஒன்று இன்னும் அலமாரியின் மேல் தட்டில், அப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.